கறுப்புக்குள் இருந்த படிகள்

ஜெர்சி சிட்டியில் பனி பெய்துகொண்டிருந்தது. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

பிரிண்டர் மெல்ல முனகி, கலாவதியின் முகத்தை வெளியே தள்ளியது. டெக்ஸஸிலிருந்து வந்திருந்த அக்காவைத் தங்கை எழிலரசி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். லைப்ரரிக் கண்காட்சியில் எழிலுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்கா சம்மதித்தால்தான் மாட்ட முடியும்.

"என்னடி, கண்ணைத் தவிர ஒண்ணையும் காணோம்?" என்றாள் கலாவதி. கரிய முகமும் கூந்தலும் ஒரே மைத்திட்டாகக் கிடந்தன.

"பிரைட்னஸ் ஏத்திடறேன் அண்ணி," என்று எழிலின் கணவன் ஜெயபிரகாஷ் மவுஸை இழுத்தான்.

அடுத்த படத்தைக் கலாவதி வெகுநேரம் பார்த்தாள். "யாரு மாப்ள இந்தச் செவத்த பொண்ணு? என் கல்யாண ஆல்பத்துலயும் இவதான் உக்காந்திருக்கா. ஸ்டூடியோக்காரன் என்னைக் கேக்காமலே வெளுத்துட்டான். வேணாம் எழில், மாட்டாத."

எழிலின் முகம் வாடிவிட்டது. படத்தை ஒதுக்கிவிட்டு, வெள்ளையிலிருந்து கறுப்புவரை சீராக இருட்டிக்கொண்டே போகும் கட்டங்களை அச்சடித்தாள். மூடுபனிக்குள் இறங்கும் படிக்கட்டு போலிருந்தது. கீழே போகப் போகப் படிகளைக் காணோம். கடைசிக் கட்டங்கள் எல்லாம் ஒரே கறுப்பு.

"ஃபைல்ல படி இருக்கு, பேப்பர்ல இல்ல. இருட்டு வந்தா பிரிண்டர் மையை அள்ளிக் கொட்டுது. மொத்தமா பிரைட் பண்ணா ஆளே மாறிடும். கொட்டற இடத்துல மட்டும் அதோட கையைப் பிடிக்கணும்."

கட்டம் கட்டமாக நிறம் அளக்கும் சிறு கருவியை வைத்து, தாளில் விழுந்த கறுப்பை அளந்தாள். எங்கே எவ்வளவு மை என்று மென்பொருள் ஒரு வளைகோடு போட்டது. மறுபடி அச்சடித்தபோது, காணாமல்போன படிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"இதுவே அழகா இருக்கு, இதையே மாட்டிடு," என்று சீண்டினாள் கலாவதி.

பிறகு படம் வந்தது. முகம் கறுப்பாகவே இருந்தது. ஆனால் கன்னத்தின் கறுப்பு வேறு, கழுத்தின் கறுப்பு வேறு. கூந்தல் அதற்கும் அப்பால், இழை இழையாக. மோவாயின் கீழே அந்தி வெளிச்சம் தண்ணீர்போலத் தேங்கி நின்றது.

கலாவதி தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பிடிக்கலேன்னா விட்டுடலாம்க்கா."

"சும்மா இருடி. அந்த லைப்ரரில நல்லா லைட்டு விழற இடம் எது?"

"வாசலுக்கு நேரா. ஏன்?"

"அங்க மாட்டு."