தோற்கத் தெரிந்த மெஷின்

மதிக்கத் தகுந்த ஆள் என்று தூத்துக்குடியில் ஒருவரும் தேவகனி டீச்சருக்கு அகப்படவில்லை. நாசரேத்தில் படித்து, மதராஸில் பௌதிகத்தில் பட்டம் வாங்கி, இந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வந்த நாளிலிருந்தே அப்படித்தான். தலைமையாசிரியைக்கு மணியடிக்க மட்டும் தெரியும், பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்களுக்கு அதுவும் தெரியாது என்பது அவளுடைய முடிவு. அதை அவள் பெரிதாக மறைத்ததும் இல்லை.

அவள் மதித்தது பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இருந்த மெஷினை. யுத்தத்துக்கு வந்த பட்டாளம் கழித்துப் போட்ட டெலிபோன் ரிலேக்களைக் கொண்டு அவளே கட்டியது. ரிலே என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. மின்சாரம் வந்தால் டக்கென்று ஒட்டிக்கொள்கிற சின்ன இரும்பு நாக்கு, அவ்வளவுதான். ஒன்பது புள்ளியில் ஆளுக்கு மூன்று காய் வைத்து, யார் முதலில் நேர்கோடு சேர்க்கிறார்கள் என்று பிள்ளைகள் மண்ணில் கீறி ஆடுவார்களே, அந்த ஆட்டம் அதற்குத் தெரியும். எதிராளி தன் புள்ளிக்கான சுவிட்சைத் தட்டினால், மெஷின் தன் புள்ளியில் விளக்கைப் போடும்.

அதிசயம் அது ஆடியதில் இல்லை. தோற்றால் கற்றுக்கொண்டது, அதுதான் அதிசயம். எந்தக் காய்க்குப் பதிலாக எந்தப் புள்ளியில் விளக்கைப் போட்டுத் தோற்றதோ, அந்தப் பதிலுக்கென்று மெஷின் பலகையில் செருகியிருந்த பித்தளை முளையை அவள் பிடுங்கிவிடுவாள். அப்புறம் அந்தத் தப்பை அது செய்யவே செய்யாது. மனிதர்களில் இப்படி ஒருவரைக் காட்டு பார்க்கலாம் என்று அவள் சொல்லுவாள்.

மத்தியானம் கடையில் ஆள் ஓயும் நேரத்தில் கயிற்றுக்கடை இசக்கியப்பன் அண்ணாச்சி வந்து மெஷினோடு ஆடுவார். ஊரிலேயே நல்ல ஆட்டக்காரர். அதைவிட நல்ல வாய்.

“ஏலே, நேத்து வாங்குன அடி ஞாபகம் இருக்கா?” என்று மெஷினிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். பழைய இடத்தில் காயை வைப்பார். மெஷின் சரியாக மறித்து விளக்கைப் போடும். அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். “பாத்தியளா டீச்சரம்மா! பய வெவரமாயிட்டான்!”

நேற்றைவிட இன்று கெட்டிக்காரனாக ஆகிற ஒரு பொருளைத் தன் கையால் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோகும். இன்று மூன்று காய், நாளை ஆடுபுலி. அதற்கப்புறம், நடுக்கடலில் நிற்கிற எந்தக் கப்பலுக்கு எந்தத் தோணியை முதலில் அனுப்புவது என்று துறைமுகத்துக்கே அது சொல்லலாம். அதற்கு வேண்டிய ரிலேக்கள் துறைமுகக் கிட்டங்கி ஒன்றில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ஆனால் அந்த வாரக் கடைசிக்குள் சர்க்கார் உத்தரவு வராவிட்டால், எல்லாவற்றையும் உடைத்துச் செம்பை மட்டும் உருக்கிவிடுவார்கள். அப்புறம் இந்த ஜென்மத்தில் மெஷின் வளராது.

உத்தரவு போடக்கூடியவர் ராவ் பகதூர் மந்திரமூர்த்தி. யுத்தத்துக்குப் பிந்தைய விஞ்ஞான வளர்ச்சிக்குத் திட்டம் தீட்ட மதராஸிலிருந்து வந்த குழுவுக்குத் தலைவர். குழு முந்தின நாள் முழுவதையும் முத்துச்சிப்பி பார்க்கிறேன் என்று கடலில் கழித்திருந்தது. மூக்கெல்லாம் வெந்து, ஆளுக்கொரு இளநீரும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். யோசிக்கிற மெஷினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், இது கதரா மில்லா என்று கேட்கிற தோரணையில், “இது சுதேசியா?” என்றார். தேவகனி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

ராவ் பகதூர் ஆட உட்கார்ந்தார். நடுப்புள்ளியைப் பிடித்தார். கண்மூடித் திறக்கும் முன் மெஷின் ஜெயித்துவிட்டது. அவர் முகம் சிறுத்துப் போயிற்று. மேஜைக்கு அடியில் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். அவருடைய டவாலிச் சேவகன் குனிந்து பார்த்து, ஒரு கரப்பான்பூச்சி மட்டும் இருப்பதாகத் தெரிவித்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நடுப்புள்ளியை விட்டுவிட்டு, ஓரத்தில் ஒன்றுக்கும் உதவாத இடத்தில் முதல் காயை வைத்தார். ஆடத் தெரிந்த எவனும் அங்கே வைக்கமாட்டான். அதனாலேயே, ஆடத் தெரிந்தவர்களிடமே அடி வாங்கி வளர்ந்த மெஷினுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தடுமாறி எங்கோ விளக்கைப் போட்டது. ராவ் பகதூர் தற்செயலாக ஜெயித்தார்.

“ஹா! மூளையை மெஷினா ஜெயிக்கும்?” என்று எழுந்துவிட்டார். குழு கை தட்டியது. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு மெஷின் மேல் கொள்ளை ஆசை. பேனாவைத் திறந்தார். “ரிலே அத்தனையும் தரச் சொல்றேன். அறைக்குப் புதுக் கூரை, வாசலில் பெயர்ப்பலகை, எல்லாம் உண்டு.”

தேவகனி வழக்கம்போல, தோற்ற முளையைப் பிடுங்கப் போனாள்.

“என்ன செய்றீங்க?”

“இந்தத் தப்பை இனிமேல் செய்யாம இருக்கணுமே சார்.”

பேனா நின்றது. “அதெல்லாம் கூடாது மிஸ் தேவகனி. குழு பார்த்து அங்கீகரித்த மெஷின் இது. அங்கீகரித்த நிலையிலேயே இருக்கணும். அடுத்த வருஷம் செக்ரட்டரியோடு வருவேன். அவர் ஜெயிக்க வேண்டாமா? சர்க்கார் பணத்தில் வளர்ந்த மெஷின் சர்க்காரையே தோற்கடிச்சா அசெம்பிளியில் கேள்வி வரும். சம்மதமானா நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் ஒன்று போடறேன்.”

முளை அவள் விரலுக்கு நடுவில் இருந்தது. இழுத்தால் வந்துவிடும். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இந்த மூஞ்சிகளையா ஏமாற்ற முடியாது என்று உடனே ஒரு நினைப்பும் வந்தது. ரயில் ஏறுகிற வரைக்கும்தானே? போனதும் பிடுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? விரலை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

ராவ் பகதூரும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “டவாலி, அரக்கு கொண்டா.”

ஒன்றுக்கும் உதவாதவர் என்று அவள் கணக்குப் போட்ட மனிதருக்கு ஒரு வேலை மட்டும் சுத்தமாகத் தெரிந்திருந்தது. முளைப் பலகைக்குக் கண்ணாடி மூடி போட்டு, நான்கு மூலையிலும் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை பதித்து, முத்திரையை உடைப்பது குற்றம் என்று ஒரு சீட்டும் ஒட்டிவிட்டுத்தான் இளநீரை முடித்தார்.

மறுநாள் மத்தியானம் இசக்கியப்பன் அண்ணாச்சி வந்தார். ராவ் பகதூர் ஜெயித்த கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. அவரும் அதே ஓரத்தில் காயை வைத்தார், ஜெயித்தார். அவள் முளையைப் பிடுங்கட்டும் என்று காத்திருந்தார். அவள் பலகைப் பக்கமே போகவில்லை. மறுபடி அதே இடம், மறுபடி ஜெயம்.

“புடுங்குங்க டீச்சரம்மா.”

“முடியாது அண்ணாச்சி. கையெழுத்து வாங்கி முத்திரை வச்சிருக்கு.”

“கையெழுத்து நீங்களா போட்டிய?”

“ரிலே வேணுமே அண்ணாச்சி. இல்லைன்னா உருக்கிருவாங்க.”

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எங்கடைக்குந்தான் ஆபீசர்மார் வாராவ. வடத்த இழுத்துப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லுதாவ. அதுக்காவ நான் இத்துப்போன கயித்தையா விக்கேன்?” என்றார். பிறகு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

ரிலேப் பெட்டிகள் வந்தன. அங்கீகரித்த நிலையை மாற்றி விரிவாக்குவதற்கு இன்னொரு குழு அங்கீகரிக்க வேண்டுமாம். அதனால் அவற்றுக்கும் அரக்கு வைத்து அந்த அறையிலேயே அடுக்கிவிட்டார்கள். ஒரு ரிலேகூட வெளியே வரவில்லை. புதுக் கூரை மட்டும் சொன்னபடி வந்தது.

அடுத்த வருஷம் மாசியில் ராவ் பகதூர் சொன்ன சொல் தவறாமல் செக்ரட்டரியோடு வந்தார். எந்த ஓரத்தில் காயை வைக்க வேண்டும் என்று அவர் காதில் சொல்லிக்கொடுத்தார். செக்ரட்டரி வைத்தார், ஜெயித்தார். அவருடைய சம்சாரம் வைத்தாள், அவளும் ஜெயித்தாள். கூட வந்த தாசில்தார்கூடத் தயங்கித் தயங்கி வைத்து ஜெயித்தார். ஒவ்வொரு தடவையும் மெஷின் அதே தப்பான இடத்தில் விளக்கைப் போட்டது, எல்லாரும் கை தட்டினார்கள்.

செக்ரட்டரி கொஞ்சம் விவரமான மனிதர்போல. தேவகனியின் பக்கம் திரும்பி, “இது என்றைக்காவது கற்றுக்கொள்ளுமா?” என்று கேட்டார்.

“கற்றுக்கொள்ளாது சார். அதுக்குத்தான் சர்க்கார் உதவி செய்யுது.”

யாரிடம் சொன்னோம் என்று சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. ராவ் பகதூரோ அதில் ஒரு குற்றமும் காணவில்லை. திருப்தியாகத் தலையாட்டி, “மிஸ் தேவகனி சரியாகச் சொன்னாங்க, இதை அறிக்கையில் சேர்த்துக்கோ” என்று குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

இத்தனை வருஷம் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார்மேலும் தான் அள்ளி வீசிய இளக்காரம் மொத்தமும் அன்றைக்குத் தன்மேலேயே வந்து விழுந்ததை அவள் உணர்ந்தாள். இந்த மூடர்கள் செய்ததைத் தான் தெரிந்தே செய்தோம் என்று வெட்கத்தில் காது சுட்டது. இன்னும் ஒருவர் ஆட வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவள் விளக்குகளை அணைத்து, சுவிட்சுகளைப் பழையபடி தள்ளிவிட்டு, “வாங்க சார், உட்காருங்க” என்றாள்.