நடுவில் விட்ட இடம்

கண்ணாடிக் கடைக்கு வந்த பெரியவர் அவளுடைய இடது கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுட்டுக்கிட்டியா?" என்றார். மூன்று விரல் நுனிகளிலும் கம்பி பதிந்து தோல் தடித்திருந்தது.

"கிட்டார் கத்துக்கிறேன் சார்."

"இந்த வயசுலயா?"

முப்பத்தொன்றெல்லாம் ஒரு வயதா என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டு, அவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டினாள். "இந்த லென்ஸ்ல தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதுலயா?"

அவள் கணவன் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஏழு மாதமாகக் கடலில். புறப்படுவதற்கு முன்பு ஒரு மெட்டு போட்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தது பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டு வாசிப்பது மட்டும்தான். அதனால் நடுவில் பதினாறு தாளச் சுற்றுக்கு வெறும் கார்டை மட்டும் அடித்துக்கொண்டே போவான். "இந்த இடத்துல கார்டுக்கு மேல ஒருத்தர் தனிச் சுரமா லீட் வாசிக்கணும். ஆள் இல்ல. சும்மா விட்டு வச்சிருக்கேன்."

"நான் வாசிக்கிறேன்" என்று சொன்னவள் அதுவரை கிட்டாரைத் துடைத்து மட்டுமே வைத்தவள். அவன் சிரிக்கவில்லை. தன் கிட்டாரை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சின்னக் கிட்டாரோடு கப்பல் ஏறினான்.

அன்றிலிருந்து கடை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் கிட்டாரோடுதான். மீட்டிய கம்பியிலேயே இன்னொரு விரலைச் சுத்தியல் மாதிரி இறக்கி அடுத்த சுரத்தை எழுப்பக் கற்றாள். அந்த விரலைச் சுண்டி எடுத்துப் பழைய சுரத்துக்குத் திரும்பக் கற்றாள். ரொம்பப் படுத்தியது பெண்டிங்தான். கம்பியை மேலே தள்ளி, ஒரு சுரத்தை அடுத்த சுரம் வரைக்கும் ஏற்ற வேண்டும். தள்ளுவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாடு. "போய்ச் சேர வேண்டிய சுரத்தை முதல்ல வாசிச்சுக் காதுல வச்சுக்கோ. அப்புறம் தேடிப் போ" என்று அவன் போனில் சொன்னான். அவள் சாயங்காலமெல்லாம் தேடிப் போனாள். பூனை மாதிரி கத்திய கம்பி, நாலாவது மாதத்தில் பாட ஆரம்பித்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் இருவரும் சேர்ந்து வாசித்தால் மட்டும் சண்டை.

"நீ பின்னாடி வர்ற."

"நான் உங்க கார்டோட சரியாத்தான் வர்றேன்."

"ஒரு தாளம் முழுசா பின்னாடி வர்றம்மா."

"உங்க காதுல கடல் தண்ணி போயிருக்கும். பாருங்க."

தாளம் காட்டும் மெட்ரோனோமை டிக் டிக் என்று ஓடவிட்டுத் தனியாகப் பயிற்சி செய்தாள். அடுத்த வாரமும் பின்னாடி என்றான். அதற்கும் அடுத்த வாரம் அவள் கொஞ்சம் அவசரப்பட்டாள். "இப்ப தாளமே இல்ல" என்றான். போனை வைத்துவிட்டு, தனக்கு இது வராது போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தாள். அவனோடு ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

புதிராக இருந்ததை உடைத்தது நாத்தனார். கால் சென்டரில் வேலை, இவர்களோடுதான் இருந்தாள். அந்த ஞாயிறு பல் துலக்கிக்கொண்டே வந்து கதவோரம் நின்றவள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள்.

"அண்ணி, நீங்க கரெக்டா வாசிக்கிறீங்க. அவனும் பொய் சொல்லல. சாட்டிலைட் போன் இல்லையா? அவன் அடிக்கிறது உங்களுக்கு லேட்டா வருது. அதைக் கேட்டு நீங்க வாசிக்கிறது அவனுக்கு இன்னும் லேட்டா போகுது. நாங்க கஸ்டமர் கிட்ட பேசும்போது ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் பதில் சொல்லுவோம். இல்லன்னா ரெண்டு பேர் பேச்சும் மோதிக்கும்."

போனிலிருந்து கொஞ்சம் தாமதமாக அவன் குரல் வந்தது. "ரெண்டு மாசமா இதுக்கா சண்டை போட்டோம்?"

"ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன்டா. அண்ணி அதோட வாசிக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

"ரெக்கார்டிங்ல அவர் எனக்காகக் காத்திருக்க மாட்டாரே" என்றாள் அவள்.

பிறகு அவன் சொன்னான்: "அப்ப ஒருத்தர் காதுலதான் சரியா விழும். நான் உன்னைக் கேட்காம அடிக்கிறேன். நீ சேர்ந்துக்கோ. உனக்குச் சரியா இருக்கும்."

"வேண்டாம். நான் உங்களைக் கேட்காம வாசிக்கிறேன். நீங்க சேர்ந்துக்கோங்க."

"நீதானே ஆசைப்பட்ட?"

"இடத்தை விட்டு வச்சது நீங்க."

"சரி, சீக்கிரம். இன்னும் அஞ்சு நிமிஷத்துல துறைமுகத்தை விட்டுக் கிளம்பிடுவோம். அதுக்கப்புறம் சாட்டிலைட் எட்டாத வடகோடிப் பக்கம் போறோம், நாற்பது நாளைக்கு சிக்னல் கிடையாது."

அவன் கார்டு தாமதமாக வந்து தாளத்தைக் கலைத்துவிடக் கூடாது. போனின் ஒலியை அடியோடு குறைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். அறை அமைதியானது. நாலு எண்ணி ஆரம்பித்தாள்.

இன்னும் விரலைப் பார்க்காமல் வாசிக்க வராது. குனிந்தபடியே வாசித்தாள். அவன் கார்டு மாற்றும் இடங்களில், எங்கோ அவன் கையும் நகர்கிறது என்று நம்பினாள். பதினோராவது சுற்றில் அந்தப் பெண்டிங் வந்தது. மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டையும் முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். கம்பி ஏறி, ஏறி, சேர வேண்டிய இடத்தில் நின்றது. அந்தச் சுரத்தை விட மனமில்லாமல் லேசாக அசைத்துக்கொண்டே நின்றாள். பதினாறு முடிந்தது.

போனைத் திருப்பினாள். இணைப்பு போயிருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். போகவில்லை. நாத்தனார் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணி, பேசின நேரம் இதுல இருக்கு. நீங்க எப்ப ஆரம்பிச்சீங்கன்னு தோராயமா தெரியும். எந்தச் சுற்று வரைக்கும் கேட்டிருப்பான்னு கணக்குப் போட்டுடலாம்."

அவள் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"போடாதே. அவரே வந்து சொல்லட்டும்."

"நாற்பது நாள் தாங்குவீங்களா?"

"தாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள்.