ஆணியால் குத்திய கிணறு

ஜூடு கொட்டகையைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பந்தலுக்குள் நுழையும்போதே வேல்விழி அதைப் பார்த்துவிட்டாள். செத்த வீட்டில் வாசற்கதவையே சாத்த மாட்டார்கள். இவனுக்கு என்ன பூட்டு வேண்டிக் கிடக்கிறது?

அண்ணன் பழமலைநாதன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நேற்றுச் சாயங்காலம் அதே கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. தலைமாட்டில் அண்ணி சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் அண்ணி கட்டிப்பிடித்துக் கதறுவாள் என்று சுற்றியிருந்த பெண்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள். அண்ணி கதறவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஜூடைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அண்ணனிடம் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிற பையன்தான் ஜூடு, முப்பது வயது இருக்கும். தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனான். அவன் கக்கத்தில் நீளமாகச் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது. அதை அங்கே நின்ற அண்ணன் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

வேல்விழி புருஷன் கார்முகிலின் கையைச் சுரண்டினாள்.

"பாத்தீங்களா? மேப்ப எடுத்து ஒளிக்கிறான்."

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? போயி அண்ணன் மொகத்தப் பாரு."

போய்ப் பார்த்தாள். நெற்றியில் திருநீறு. மார்மேல் கட்டி வைத்த கைகள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் களிமண் காய்ந்து இருந்தது. பக்கத்தில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். வேல்விழி கூடச் சேர்ந்து எடுக்கவில்லை. பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது அழுதால், அவன் செய்ததைச் சரி என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா?

அவன் செய்தானா இல்லையா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கே தெரிய வேண்டும். நாளைக்கு அவனும் இருக்க மாட்டான், அந்தக் கொட்டகையில் ஒரு காகிதமும் இருக்காது.

பழமலைநாதன் ஆர்க்கிடெக்ட். சென்னையில் பங்களா பங்களாவாக வரைந்துகொண்டிருந்தவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் விருத்தாசலத்துக்கே திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டான். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே களிமண்ணில் பிழிந்து அடுக்குகிற மெஷின் ஒன்றை அதில் நிறுத்தினான். தெருவில் அதற்கு முறுக்கு மெஷின் என்று பேர். பிழிந்த கல்லைச் செராமிக் கம்பெனிச் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்குவான். அந்தக் கல்லில் வெயில் இறங்காத வீடு கட்டிக் காட்டுகிறேன் என்பான். ஆனால் வீடு கட்டுவதற்கு முன்னால் நிலத்தைப் படிக்க வேண்டுமாம். படிப்பதற்கு அவனுக்கு உலகத்தில் வேறு நிலமே கிடைக்கவில்லை. கம்மாபுரத்துப் பக்கம் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே டேப்பும் ட்ரோனுமாக வந்து சேர்ந்தான்.

இரண்டு வருஷம் வந்தான். எந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம், மாட்டை எங்கே கட்டுகிறார்கள், யார் வீட்டுக் குழம்பு யார் வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிறது என்று வீடு வீடாக உட்கார்ந்து எழுதினான். ஊரும் அவனுக்கு மோர் கொடுத்தது, மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்தது. போன கார்த்திகையில் நோட்டீசு வந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறார்கள். நோட்டீசோடு ஒரு மேப்பும் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"ஒங்கண்ணன் அளந்துட்டுப் போனாரு, அவங்க எடுக்க வந்துட்டாங்க," என்றாள் எதிர்வீட்டு துர்கா. வேல்விழி ஒரு வாரம் அவளோடு சண்டை போட்டாள். எட்டாம் நாள் அவளுக்கே தோன்றிவிட்டது. எதுக்கு அளந்தான்? எவன் அளக்கச் சொன்னான்? போன் போட்டுக் கேட்டாள்.

"நான் குடுக்கல பாப்பா," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். குடுக்காதவனாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டானா, சாமி மேல் சத்தியம் பண்ணியிருக்க மாட்டானா? அன்றோடு போனை எடுப்பதை விட்டாள். பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள்கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை. கூடவே முறுக்கு மெஷினில் அவனே பிழிந்து சுட்ட ஒரு வெள்ளைப் பானை, சுற்றிச் சுற்றி நூல் சுற்றினது போல வரி வரியாக. அவள் வாசலுக்கே வரவில்லை. உள்ளே இருந்தபடியே, "எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க," என்றாள். பிறந்த வீட்டுச் சீரை அந்த ஊரில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டியில் கட்டிய கரும்பின் தோகை தெருமுனை வரைக்கும் தரையைக் கூட்டிக்கொண்டே போனது.

"தண்ணி ஊத்தணும்!" என்று பந்தலில் இருந்து பாவாடை சித்தப்பா குரல் கொடுத்தார். காரியம் எல்லாம் அவர் சொல்படிதான் நடந்தது. "கூடப்பொறந்தவ எங்க? மொதக் கொடம் அவளுதுதான். அவ ஊத்தாம ஒருத்தரும் ஊத்தக் கூடாது."

அவர்கள் வகையறாவில் அப்படித்தான். உடன்பிறந்தவள் புது மண்பானையில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றி, பானையைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போக வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். பெட்டியிலிருந்து எடுத்து, கொட்டகைப் பக்கம் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் எப்போதையும்விட நீளமாகத் தெரிந்தான்.

வேல்விழி எழுந்தாள்.

"ஊத்துறேன் சித்தப்பா. அதுக்கு மின்ன இந்தக் கொட்டாயத் தொறக்கச் சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"எங்க வூட்ட எழுதிக் குடுத்த கொட்டாய நான் பாக்கணும்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கார்முகில் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"ஏய், இது மனுசங்க பண்ற காரியமாடி? பொணத்த வெயில்ல போட்டுட்டு..."

"இன்னிக்கு உட்டா நாளைக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. ஏற்கெனவே ஒண்ணு காருல ஏறிடுச்சி. தொறந்தாத்தான் தண்ணி."

"அக்கா, அது வந்து..." என்று ஜூடு ஆரம்பித்தான். அண்ணி குறுக்கே பேசினாள். காலையிலிருந்து அவள் குரலை அப்போதுதான் எல்லாரும் கேட்டார்கள்.

"தொறந்து வுடு ஜூடு. பாக்கட்டும். என்னிக்காவது வந்து பாப்பாளான்னுதான் அவரும் பத்து மாசமா கேட்டுக்கிட்டு இருந்தாரு."

கொட்டகைக்குள் மண்ணும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. மெஷினின் மூக்குக்குக் கீழே பாதிச் சுவர் நின்றது. ஸ்டூல் கவிழ்ந்தபடியே கிடந்தது, அதை யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை. வேல்விழி அதைத் தாண்டிப் போய் மேசை டிராயர்களை இழுத்தாள். முத்திரை குத்திய கடிதம் ஏதாவது, கையெழுத்து ஏதாவது, "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரியாவது இருக்கும். கிடைத்ததெல்லாம் நோட்டுகள். பிரித்த இடத்தில் அண்ணனின் கோழிக்கிறுக்கல்: 'அமலராணி வீட்டு எருமை மேற்கே பார்த்துக் கட்டினால்தான் பால் விடும். கொட்டிலைத் திருப்ப வேண்டாம்.' இன்னொரு பக்கத்தில்: 'துர்காவும் பாப்பாவும் எதிர் எதிரே இருக்க வேண்டும். சண்டை போட வசதி.'

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ச்சீ என்று நோட்டை மூடினாள்.

"எதுக்குடா பூட்டுன?"

"போன மாசம் ஒங்க ஊருக்காரங்க ரெண்டு பேரு வந்து இத ஒடைச்சிட்டுப் போயிட்டாங்கக்கா. யாருன்னு அண்ணன் கடைசிவரைக்கும் பேரு சொல்லல. மறுபடியும் மொதல்லேருந்து செஞ்சோம். இன்னிக்குக் கூட்டமா இருக்குதே, அதான்."

இத என்று அவன் காட்டியது பெரிய மேசை. மேலே போர்த்தியிருந்த ஈரச்சாக்கை எடுத்தான்.

ஊர். அவள் ஊர் முழுக்க அங்கே இருந்தது, கட்டைவிரல் நகம் அளவு வீடுகளாக. மாரியம்மன் கோயில், ஏரிக்கரை, சர்ச்சுக்குப் போகிற சந்து. கோயிலிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு போனாள். ஏழாவது வீடு அவளுடையது. சந்தேகமே இல்லை, பின்னால் சாய்ப்பு இறக்கிய மாட்டுக்கொட்டில் இருந்தது. கொட்டிலுக்கு மேற்கே மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

"இது என்னா ஓட்டை?"

"கெணறுக்கா. அவ்ளோ சின்னதா மெஷினுக்கு வராது. மண்ணு ஈரமா இருக்கறப்பவே ஒவ்வொரு கெணத்தையும் அவரே ஆணியால குத்துவாரு."

மேற்குக் கிணறு. புங்கமரத்தடியில் கார்முகில் வெட்டியது. அதன் சுவரில் உட்கார்ந்துதான் அண்ணன் கேழ்வரகு அடை தின்பான். கிழக்கே ஒரு கிணறு இருந்தது, அது அவள் கல்யாணமாகி வந்த வருஷத்து மழையில் இடிந்துபோய், மூடி, இப்போது அதன் மேல்தான் குப்பை கொட்டுகிறார்கள். மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது.

இடுப்பில் செருகியிருந்த பர்சைப் பிரித்து நோட்டீசை எடுத்தாள். அதை அவள் நூறு தடவையாவது விரித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் புருஷன் பேரையும் சர்வே நம்பரையும் படிப்பாள், வயிறு எரியும், மடித்து வைத்துவிடுவாள். என்றைக்காவது ஒருநாள் அண்ணன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்றுதான் கூடவே வைத்திருந்தாள். இன்றைக்குப் பேரைப் படிக்கவில்லை. மேப்பில் கிணற்றைத் தேடினாள்.

சின்ன வட்டம். கிழக்கே இருந்தது.

மேற்கே ஒன்றுமே இல்லை. கிணறு இல்லை, புங்கமரம் இல்லை, கொட்டில் இல்லை. ஏதோ ஆபீசின் பழைய காகிதத்தைப் பார்த்து எழுதின மேப்பு. அண்ணன் டேப்பைப் பிடிப்பதற்கு ரொம்ப நாளைக்கு முன்னாலேயே மூடிப்போன கிணறு.

"ஜூடு, இத அண்ணன் பாத்தானா?"

"நோட்டீசு வந்த வாரமே ஊர்ல ஒருத்தருகிட்ட வாங்கிப் பாத்தாருக்கா. 'பாப்பாகிட்டயும் ஒண்ணு இருக்குது, கெணத்த மட்டும் பாத்தான்னா போதும்'னாரு."

"எங்கிட்ட சொன்னா என்னாவாம்?"

"நானும் கேட்டேன். 'நான் காட்டுனா, திருடன் கொண்டாந்த சாட்சிம்பா. அவளா பாக்கட்டும்'னாரு."

பாவி. அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பத்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் மேலே கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு அடிக்கக் கன்னம் தேடினால் அவளுடைய கன்னம்தான் இருந்தது.

"காருல வச்சது?"

"நாளைக்குத் திங்கக்கெழம, கலெக்டர் ஆபீசுல மனு நாளு. நெலத்த எடுக்க வேணாம், அப்படியே எடுத்தாலும் குலுக்கல் போட்டு ஜனங்கள அங்கங்க பிரிக்கக் கூடாது, இதே அண்டை அயலோட, இதே மாதிரி வூடு கட்டித் தரணும்னு அண்ணன் போட்ட மேப்புக்கா. அவரு இல்லன்னாலும் குடுத்துடணும்னு இப்பத்தான் அண்ணி சொன்னாங்க."

வெளியே சித்தப்பா இருமினார். வேல்விழி திரும்பினாள். அலமாரியின் மேல்தட்டில், பழைய செய்தித்தாள் பாதி மூடியபடி, அந்த வெள்ளைப் பானை இருந்தது.

அவள் அதோடு வெளியே வந்தாள். குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தாள். சித்தப்பா ஓடி வந்தார்.

"என்னாம்மா இது? சாவுக்கு மண்பானைதான் எடுக்கணும். அங்க வாங்கி வச்சிருக்குது பாரு."

"இதுவும் மண்ணுதான் சித்தப்பா."

தலையில் ஊற்றினாள். மார்பில் ஊற்றினாள். கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, வலது கையை எடுத்து, நகக்கண்ணில் இருந்த மண்ணைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள். இரண்டு விரலில் போகவே மாட்டேன் என்றது. "ண்ணா," என்றாள். அதற்கப்புறம் அவளை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

"பானையப் பின்னால போட்டு ஒடைச்சிட்டுத் திரும்பாம போ," என்றார் சித்தப்பா. அவள் பானையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். "இந்தாம்மா, சொல்றன்ல? சாவுப் பானைய வச்சிக்கக் கூடாது."

"வுடுங்க மாமா," என்றாள் அண்ணி.

கொட்டகைக் காவலுக்கு நின்ற ஜூடைத் தவிர, ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். மேளச் சத்தம் ரயில்வே கேட் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். வேல்விழி காரிலிருந்து அந்தச் சுருளை எடுத்து வந்து, ஈரம் படாமல் கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். பானையை வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு நான் வரேன் ஜூடு," என்றாள். "நான்தான் குடுப்பேன்."

ஜூடு தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான். அண்ணி இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்து ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேல்விழி நோட்டீசை மடியில் விரித்தாள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, ஏழாவது வீட்டுக்கு மேற்கே, ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்து அழுத்தினாள். பின்பக்கம் வரைக்கும் இறங்கியது. காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாக வெயில் அவள் புடவையில் ஒரு பொட்டாக விழுந்தது. அண்ணி குனிந்து அதைப் பார்த்தாள்.