அன்ட்ரூ மூச்சிழுக்கும் இடம்

கடுகண்ணாவை இறக்கத்தில், ஒரு மழை நாளில், அன்ட்ரூவின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு சில மாதங்களில் பொருந்திவிட்டது. அதை ஒட்டி ஓடிய நரம்புதான் பொருந்தவில்லை. வலது பாதத்தை மேலே தூக்க முடியாமல் போயிற்று. கணுக்காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டி கட்டினால் நடப்பான். கட்டாவிட்டால் பாதம் ஈரத்துணி மாதிரித் தொங்கும். "வரலாம், வராமலும் போகலாம். காத்திருந்துதான் பாக்கணும்" என்றார் டொக்டர்.

விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்ட்ரூ கிட்டாரைத் தொடவில்லை. கல்யாண வீடுகளில் அவன் வாசிப்பதைக் கேட்டவர்கள் விரலைத்தான் பார்த்திருப்பார்கள். அவனுடைய வாசிப்பில் பாதி காலில் இருந்தது. தரையில் வரிசையாக வைத்த பெடல்களை அமத்தி அமத்தி ஒரே கிட்டாரை நாலு விதமாகப் பேச வைப்பான். அந்தப் பெடல்களை ஒரு சூட்கேசில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டான். அவன் மனைவி அஷ்வினி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான், அவனோடு இருபது வருடமாகக் கீபோர்ட் வாசிக்கும் றொமேஷ் ஒரு கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹந்தானை ஏற்றத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

"வெளிநாடு போன ஒருத்தன் விட்டுட்டுப் போனது. எல்லாப் பெடலும் இதுக்குள்ளயே இருக்கு. சத்தத்தை ஒருதரம் செய்து வச்சிட்டா, ஒரு பாட்டுக்கு ரெண்டு தரமோ மூணு தரமோ அமத்தினாப் போதும். என் மச்சாள்ட கல்யாணம் வருது. நீ இல்லாம நான் மேடையேற மாட்டேன்."

"ஏறாத" என்றான் அன்ட்ரூ. ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அஷ்வினி வேலை முடிந்து வந்தபோது பெட்டி முன்னறைத் தரையில் கிடந்தது. அவள் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களை இருத்தி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்வை சோதிப்பவள். மகளின் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய லப்டொப், பெட்டியோடு ஒரு வயரால் கோர்க்கப்பட்டிருந்தது. மகள் மட்டக்களப்புக் கெம்பஸுக்குப் போனபின், இதுவரை அது மேசையில் சும்மா கிடந்தது. அறை முழுக்க ஒரு இரைச்சல். குளவிக் கூட்டை யாரோ கலைத்துவிட்ட மாதிரி.

"பெட்டி பழுது" என்றான் அன்ட்ரூ. "காலையில இருந்து இப்படித்தான்."

"என்னெல்லாம் மாத்திப் பாத்தீங்க?"

"எல்லாம் மாத்தினேன். எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் போட்டேன்."

"ஒண்ணொண்ணாவா, ஒரேயடியாவா?"

அஷ்வினி கைப்பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கிட்டார் வயரைக் கழற்றி வேறொன்றைப் போட்டாள். "இப்ப நல்லமா, முன்ன நல்லமா?"

"ஒண்ணுதான்."

ப்ளக்கை வேறு சுவருக்கு மாற்றினாள். "இப்ப?"

"அதே இரைச்சல்தான். ஏய், என்னை என்ன கண்ணு டெஸ்ட் பண்றியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் கொஞ்சம் வந்ததைப் பார்த்தாள். கடைசியில் லப்டொப் சார்ஜரை இழுத்தாள். இரைச்சல் அப்படியே அடங்கியது. மறுபடி சொருகினாள், வந்தது. இழுத்தாள், போனது. சார்ஜரின் அழுக்குக் கரண்டுதான் வயர் வழியாகப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "லப்டொப்பை முதல்ல சார்ஜ் பண்ணி வச்சிட்டு, பிறகு பேட்டரில ஓட்டுங்க."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் கிட்டார் கேட்டது. கடையில் அவள் வில்லை துடைத்துக்கொண்டே, இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைப்பாள். வீட்டுக்கு வந்தால் அவனே கூப்பிட்டுக் காட்டுவான். ஒருநாள், தன் பழைய அம்ப் ஒலிபெருக்கியில் போட்டால் சத்தம் கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருக்கிறது என்று குறைப்பட்டான். இருவருமாகத் தேடிப் பார்த்ததில், பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் போலச் சத்தத்தைப் பதப்படுத்தும் ஒரு பகுதி இருப்பது தெரிந்தது. அம்ப்பிலும் ஒரு ஸ்பீக்கர், பெட்டிக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் என்றால் மந்தமாகத்தானே கேட்கும். அஷ்வினி அதை அணைத்துவிட்டாள். சத்தம் கண் திறந்தது.

அவன் செய்துவைத்த சத்தங்களுக்கு லப்டொப்பில் வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. அவள் உட்கார்ந்து பேர் வைத்தாள். ஒன்றும் சேர்க்காத வெறும் கிட்டாருக்கு 'சும்மா'. கரகரவென்று உறுமுவதற்கு 'கோபம்'. வாசித்த ஒவ்வொரு சுரமும் தேய்ந்து தேய்ந்து திரும்பிச் சொட்டுவதற்கு 'மழை'.

"றொமேஷ் பாத்தா சிரிப்பான்" என்றான் அன்ட்ரூ. ஆனால் மாற்றவில்லை.

சிக்கல் காலில் வந்தது. பெட்டியின் பொத்தான்கள் நெருக்கமாக இருந்தன. அவன் பாதம் ஒன்றில் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டில் இறங்கியது. இரண்டு பொத்தான் ஒன்றாக அமுங்கினால் பெட்டி சுருதி சேர்க்கும் நிலைக்குப் போய்விடும், சத்தம் செத்துவிடும். இடது காலால் முயன்றான். அதற்குத் தாளம் போட்டுத்தான் பழக்கம். வேறு வேலை கொடுத்தால் கையும் சேர்ந்து தடுமாறியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் ஆடப்போகும் மெதுவான பாட்டை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், பாடுவது ஓய்ந்து கிட்டார் தனியாக எழும்ப வேண்டிய இடத்தில், சத்தம் செத்தது.

கிட்டாரைக் கழற்றிக் கதிரையில் சாய்த்து வைத்தான். "றொமேஷுக்குச் சொல்லு. வேற ஆளைப் பாக்கட்டும்."

"சத்தத்தை லப்டொப்லயும் மாத்தலாந்தானே" என்றாள் அஷ்வினி. "நீங்க வாசிங்க. நான் அமத்துறேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "காலையில பட்டி கட்டி விடறது நீ. படியில கை பிடிக்கிறது நீ. குளிக்கிற இடத்தில ஸ்டூல் போடறது நீ. இதுலயும் நீயா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குச் சுருக்கென்றது. குசினிக்குப் போய் பருப்பைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மேல் கோபமா என்று யோசித்துப் பார்த்தாள். கோபம் இல்லை. தான் கை நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவனிடமிருந்து எதையோ எடுத்துவிடுகிறோம் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. அதுதான் வலித்தது.

முன்னறையில் கிட்டார் மறுபடி தொடங்கியது. 'சும்மா' சத்தத்திலேயே, மாற்றாமல், அந்தப் பாட்டு முழுவதையும் வாசித்து முடித்தான்.

"அஷ்வினி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வாயில வந்ததைச் சொல்லிட்டேன்" என்றான். "வந்து உக்காரு. ஒருக்காப் பாப்பம்."

முதல் தடவை அவள் பிந்திவிட்டாள். கிட்டார் எழும்பிய பிறகுதான் சத்தம் மாறியது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். "இடம் வந்ததும் அமத்துறேனே" என்றாள்.

"வந்த பிறகு அமத்தினா பிந்திரும். பெட்டி மாறுறதுக்கே ஒரு கணம் வேணும். வரப்போகுதுன்னு தெரிஞ்சு அமத்தணும்."

"வரப்போறது எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்காரியா?"

"எனக்கு அது காலுக்குத் தெரியும்" என்றான் மெதுவாக. "எப்படின்னு சொல்லத் தெரியல."

அஷ்வினி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். கண்ணைச் சோதிக்கும்போது ஆட்கள் சரியாகத் தெரிகிறது என்று சொல்வதற்கு முன்பே அவர்கள் நெற்றி தளர்ந்துவிடும். அதைப் பார்த்தே அவள் அடுத்த வில்லையைக் கையில் எடுத்துவிடுவாள். அன்ட்ரூ அந்த இடத்தை நெருங்கினான். தோள் சிறிது உயர்ந்தது. மூக்கால் மூச்சை இழுத்தான், தண்ணீருக்குள் முங்கப் போகிறவன் போல. அவள் அமத்தினாள்.

'கோபம்' சரியாக அவன் விரலோடு எழும்பியது. அவன் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"எப்படி?"

"நீங்க மூச்சிழுக்கிறீங்க."

"நானா?"

"ஒவ்வொரு தடவையும்."

மூச்சிழுப்பது அவனுக்கே இவ்வளவு காலமும் தெரியாது. அன்று மாலை வரை வாசித்தார்கள். பருப்பு வேகவேயில்லை, கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தாள்.

கல்யாணம் கடுகண்ணாவைக்கு அப்பால் ஒரு ஹோலில். வான் வண்டியில் போகும்போது அவன் சறுக்கி விழுந்த வளைவு வந்தது. அன்ட்ரூ ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவு கடந்ததும் றொமேஷ் முன் சீட்டிலிருந்து ஏதோ ஒரு பகிடி சொன்னான், எல்லோரும் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள்.

மேடையில் பெட்டியை நேராக ஹோல் ஒலிபெருக்கிகளின் மிக்ஸரில் கோர்த்து அன்ட்ரூ ஒரு தட்டுத் தட்டினான். ஹோல் முழுக்கத் தகரத்தை ஆணியால் கீறும் சத்தம். பூ சோடித்துக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒலிபெருக்கிக்காரர் மிக்ஸரில் எதையெதையோ திருகிப் பார்த்துவிட்டு, "உங்கட பெட்டிதான்" என்று கையை விரித்தார். அன்ட்ரூவின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைக் கழற்றி வைத்தபோது இருந்த அதே முகம்.

"பொறுங்க" என்றாள் அஷ்வினி. "வீட்டுல நல்லா இருந்துச்சு. வீட்டுக்கும் இங்கயும் என்ன வித்தியாசம்?"

"அங்க அம்ப். இங்க நேரா மிக்ஸர்."

சொல்லி முடிக்கும்போதே இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்தது. அம்ப்புக்காக அவள் அணைத்து வைத்த பகுதி. இங்கே சத்தத்தைப் பதப்படுத்த நடுவில் அம்ப் இல்லை. அவள் லப்டொப்பில் அதைத் திறந்துவிட்டாள். "இப்ப நல்லமா, முன்ன நல்லமா?"

அன்ட்ரூ ஒரு சுரம் வாசித்தான். வட்டமாக, வெதுவெதுப்பாக, ஹோலின் கடைசிக் கதிரை வரை போயிற்று.

"இப்ப" என்றான்.

கீபோர்டுக்குப் பின்னால், பார்ப்பவர்களுக்குத் தலை மட்டும் தெரியும் இடத்தில் அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். சாறி மடியில் லப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. முதல் பாட்டுகள் தடங்கலில்லாமல் போயின. பிறகு மாப்பிள்ளையும் பொண்ணும் நடுவில் வந்து நின்றார்கள்.

பொண்ணு பயந்த பிள்ளை. மாப்பிள்ளைக்கு ஆடத் தெரியவில்லை; அவள் காலை மிதித்துவிடக் கூடாதென்று தரையையே பார்த்துக்கொண்டு சுற்றினான். றொமேஷ் அதைப் பார்த்துத் தாளத்தை இன்னும் மெதுவாக்கினான். ஹோலில் சின்னப் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பாடுவது ஓயும் இடம் நெருங்கியது. அன்ட்ரூவின் தோள் உயர்ந்தது. மூச்சிழுத்தான்.

வழமையான மூச்சு அல்ல அது. நீளமானது, ஆழமானது. அஷ்வினியின் விரல் 'கோப'த்தின் மேல் இருந்தது. இந்த இரண்டு பேரின் தலைக்கு மேல் அந்த உறுமலை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. விரல் நகர்ந்து 'மழை'யை அமத்தியது.

முதல் சுரம் விழுந்து, திரும்பி, மறுபடி சொட்டியது. அன்ட்ரூவின் முதுகு விறைத்ததை அவள் பார்த்தாள். பழகிவைத்த வாசிப்பு வேகமானது. 'மழை'யில் அதை வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அவன் வாசிக்கவில்லை. அந்தச் சுரம் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு இன்னொன்று. அதற்கும் காத்திருந்தான். பழகியதெல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே, சிறிது சிறிதாகப் புதிதாக ஒன்றை வாசித்தான். நடுவில் மாப்பிள்ளை தரையிலிருந்து கண்ணை எடுத்துப் பொண்ணைப் பார்த்தான்.

அஷ்வினி வேறெதையும் அமத்தவில்லை. பாட்டு முடியும்வரை மழை பெய்தது.

கை தட்டல் ஓய்ந்ததும் றொமேஷ் அவள் பக்கம் குனிந்து, "அதை எப்ப பழகினீங்க?" என்று கேட்டான். அவள் பழகவேயில்லை என்று தலையசைத்தாள்.

பின்னேரம் பைலாப் பாட்டுக்கு ஹோல் தூசி கிளம்ப ஆடி ஓய்ந்த பிறகு, சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அன்ட்ரூ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏறக்குறையப் பேராதனை வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"கோவமா?"

"எந்தக் கோவம்?"

"வேறதை அமத்திட்டேன்னு."

"அமத்தினது பிழையில்லை" என்றான். "ஏன் அதைப் போட்ட?"

"மூச்சு வேற மாதிரி இருந்துச்சு."

அவன் யோசித்தான். "கால் நல்லா இருந்திருந்தா நான் அதைப் போட்டிருக்க மாட்டேன். பழகினதைத்தான் வாசிச்சிருப்பேன்." இருக்கையில் கிடந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். வான் குலுங்கியபோதும் விடவில்லை.

அவன் ஃபோன் சிணுங்கியது. பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். முன் சீட்டிலிருந்த றொமேஷ், திரும்பிக்கூடப் பார்க்காமல், அவளை பேண்ட்காரர்களின் வட்ஸப் குறூப்பில் சேர்த்திருந்தான்.

"நான் என்ன வாசிக்கிறவள்னு யாராவது கேட்டா?" என்றாள்.

"அது எனக்கும் தெரியல. சனிக்கிழமை பிரெக்டிஸுக்கு வா. என்னன்னு எல்லாருமாச் சேந்து யோசிப்பம்."

"சனிக்கிழமை கடை இருக்கே."

"அப்ப ஞாயிறு வைக்கச் சொல்றேன்" என்று, அவள் கையை விடாமல், ஒற்றைக் கையால் எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினான்.