சுண்ணாம்பு சுட்ட உதடு

பேரீச்சம்பழத் தட்டு அறைக்குள் வந்தபோதுதான் முனவ்வறா மாமியின் உதட்டைப் பார்த்தாள்.

மாமி என்றால் அவளுடைய மாமி அல்ல. தங்கச்சி சுஹறாவின் மாமியார், நாச்சியா. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர், இன்று நிந்தவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார். வெற்றிலை குதப்பிச் சிவந்த வாய். கீழுதட்டின் வலது ஓரத்தில், வெற்றிலைச் சாயத்தோடு சாயமாக, கடுகளவில் நாலைந்து கொப்புளங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒன்று உடைந்து ஈரமாக இருந்தது.

"வாயில என்ன மாமி?"

"அதுவா? சுண்ணாம்பு சுட்டுட்டு புள்ள. முந்தாநாள் கொஞ்சம் கூடப் பூசிட்டன்."

அந்தப் பக்கத்தில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு உதட்டில் எது வந்தாலும் சுண்ணாம்பு சுட்டதுதான். தேங்காயெண்ணெய் தடவுவார்கள், ஒரு கிழமையில், ஏழெட்டு நாளில், காய்ந்துவிடும், மறந்துவிடுவார்கள். ஆனால் சுண்ணாம்பு சுட்டால் தோல் வெளுத்து உரியும். இப்படிக் கூட்டமாகக் கொப்புளம் போடாது. முனவ்வறா கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு வருடமாக இந்தக் கொப்புளத்துக்குப் பின்னால்தான் அலைகிறாள்.

ஹேர்பீஸ் வைரசு. சின்ன வயதில் யாராவது கொஞ்சி முத்தமிடும்போது வாய் வழியாக உள்ளே வரும். பிறகு நரம்பைப் பிடித்து ஏறிக் காதுக்கு உட்பக்கமாக உள்ள நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி எதுவும் அதை அங்கிருந்து கிளப்பாது. காய்ச்சலோ கடும் வெயிலோ மனக்கவலையோ வந்தால் எழும்பி, போன வழியாலேயே உதட்டுக்குத் திரும்பி வரும். பெரியவர்களுக்கு அது ஒரு கிழமைப் புண். பிறந்த குழந்தைக்கு அப்படியல்ல.

போன வருடம் ஒரு பதினொரு நாள் குழந்தையின் கொப்புள நீர் அவளுடைய மேசைக்கு வந்தது. இரண்டாம் நாளே அந்த நீரை விட்ட குழாயிலிருந்த உயிர்க்கலங்கள் உருண்டு திரண்டு செத்துக் கிடந்தன. முடிவைச் சொல்ல வார்டுக்குப் போன் எடுத்தாள். "அந்தப் புள்ள விடிய மௌத்தாப் போயிற்று மிஸ்" என்று ஒரு தாதி சொன்னாள்.

இந்தக் குழந்தை பிறந்து நாலு நாள். எட்டு வருடத் தவத்துக்குப் பிறகு, அதுவும் மாதம் நிறையாமல் வந்தவன். நாலரை இறாத்தல், இரண்டு கிலோதான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இன்று காலைதான் கல்முனைக்குடி வீட்டுக்கு வந்திருந்தான். முனவ்வறா இன்னும் அவனைத் தொடவில்லை.

வழக்கப்படி ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று, விரலில் தொட்டு, குழந்தையின் வாய்க்குள் தடவ வேண்டும். மெல்லுகிறவரின் நல்ல குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பார்கள். அந்த மரியாதையை முனவ்வறாவின் உம்மா சபியா மாமிக்குத்தான் கொடுத்தாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையில்லை என்று தன் மகன் றவூபுக்கு வேறு பெண் பார்த்தவர் நாச்சியா. இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் இந்த வாசல் மிதித்திருக்கிறார்.

மாமி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உம்மா குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

இன்னொன்று முனவ்வறாவுக்கு மட்டும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், எழுபத்தொன்பதில், தன் ஆராய்ச்சிக்காக வீட்டு ஆட்களிடமும் இரத்தம் எடுத்திருந்தாள். எல்லாருடைய இரத்தத்திலும் அந்த வைரசுக்கான எதிர்ப்புச் சக்தி இருந்தது. பத்தொன்பதாம் குழாயில் மட்டும் இல்லை. அது சுஹறாவுடையது. தாயிடம் இல்லாததைத் தாய் எப்படிக் கொடுப்பாள்? இந்தக் குழந்தைக்கு ஒரு காவலும் கிடையாது.

"பிஸ்மில்லா" என்று மாமி பழத்தை வாயில் போட்டு மென்றார். மென்றதை ஆட்காட்டி விரலில் எடுத்தார். குழந்தை வாசனைக்கு வாயைத் திறந்தது.

முனவ்வறா பாய்ந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

விரல் குழந்தையின் உதட்டில் பட்டதா, படவில்லையா? அவளுக்குத் தெரியவில்லை.

கதவடியில் நின்ற றவூப் ஓரடி உள்ளே வந்தான்.

"என்னகா இது?" என்றார் மாமி. "என்ட கையப் புடிக்கிற?"

"வைக்காதீங்க மாமி."

"ஏன், என்ட வாய் ஊத்தையா? நான் வெச்சா புள்ள மோடனாப் போயிருவானா? நாங்க படிக்காத ஆக்கள்தான். அதுக்காக என்ட பேரனுக்கு இனிப்புத் தொட்டு வைக்கவும் சேர்ட்டிபிகேட் வேணுமா?"

"முனவ்வறா, கைய உடு!" என்றாள் உம்மா.

கட்டிலில் சாய்ந்திருந்த சுஹறா எழும்பி உட்கார்ந்தாள். ராத்தா முனவ்வறாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இதோடு மாமி எழும்பிப் போனால் இனி வரமாட்டார், அந்த வேறு பெண் பேச்சு திரும்ப எழும்பும் என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. மாமியின் வாயிலுள்ளது வருத்தம், தொற்றுகிற நோய் என்று முனவ்வறா சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால் சொன்ன மறுநிமிடம் அவர் குழந்தையைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். போவதற்கு முன் வீம்புக்காவது குழந்தையைக் கொஞ்சிவிட்டுத்தான் போவார்.

"வருத்தம் உங்களுக்கு இல்ல மாமி," என்றாள் முனவ்வறா. "எனக்கு."

"என்ன வருத்தம்?"

"வாய் வருத்தம். ஆய்வுகூடத்துல தொத்தினது. வெளியில தெரியாது. புள்ள பொறந்த அண்டு ஆஸ்பத்திரியில நீங்களும் நானும் ஒரே கோப்பையில கோப்பி குடிச்சம், ஞாபகமா? எனக்குக் குடுத்தது நீங்கதான். மிச்சத்த நீங்க குடிச்சீங்க. உங்கட வாயில வந்திரிக்கிறது சுண்ணாம்பு இல்ல. என்னால வந்தது."

ஒரு கோப்பையில் குடித்து இரண்டாம் நாளே இப்படிக் கொப்புளம் வராது. மாமியின் உடம்பில் அது நாற்பது வருடமாவது குடியிருக்கும். பரீட்சையில் ஒரு மாணவன் இப்படி எழுதினால் முனவ்வறாவே சிவப்பால் வெட்டியிருப்பாள்.

மாமியின் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. "யா அல்லாஹ்! எலியோட கிடந்து புடிச்ச வருத்தத்த எனக்குக் கொண்டுவந்து தந்திட்டாளே! சபியா, புள்ளயப் புடி, புடி! என்ட வாய்க்குக் கிட்ட வேணாம்!"

உம்மா குழந்தையைத் தூக்கினாள். தூக்கியவள் முனவ்வறாவைச் சுற்றிக்கொண்டு போனாள், அவளுடைய சீலைத்தலைப்புக்கூடப் படாமல்.

"மாமி, புண் காயும்வரைக்கும் கொஞ்சாதீங்க. கையக் கழுவாமத் தூக்காதீங்க."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? நீ தள்ளி நில்லு முதல்ல!"

"அப்ப பழத்த யார் வைக்கிற?" என்றான் றவூப்.

"சுஹறா மெல்லட்டும் மச்சான். இந்த வீட்டுல அவட வாய்தான் சுத்தம். ரத்தம் பாத்த நான் சொல்றன். முதல்ல ஆறவெச்ச சுடுதண்ணியால புள்ளைட வாயத் துடைங்க."

மூன்று வருடத்துக்கு முந்திய இரத்தம் அது. இடையில் தொற்றியிருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை. சுஹறா வாய் கழுவினாள், பழத்தை மென்றாள். குழந்தை விரலைச் சப்பிற்று. பெற்ற தாயே மெல்லுவது என்ன வழக்கமோ என்று மாமி முணுமுணுத்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை. முக்காட்டுத் தாவணியால் வாயை மூடிக்கொண்டு, கதவடியில் கதிரை போட்டு, முனவ்வறா உள்ளே போகாமல் காவல் இருந்தார்.

அன்று பகலே முனவ்வறாவின் கோப்பையும் பீங்கானும் தனியாகிவிட்டன. முழுத் தூக்கம் என்பதே அவளுக்கு இல்லை. விரல் பட்டதா, படவில்லையா? பட்டிருந்தால் இரண்டு கிழமை, மூன்று கிழமைக்குள் தெரியும். பால் குடிக்க மறுப்பான். காய்ச்சல் வரும். பிறகு வலிப்பு. அதற்கான ஊசிமருந்து வெளிநாட்டில் வந்திருப்பதாகப் படித்திருந்தாள். கொழும்பில் அவள் விசாரித்த ஒருவரிடமும் அது இல்லை.

மூன்றாம் நாள் காலை முகம் கழுவும்போது கீழுதடு சுணைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். பதினாலு வருடமாக அவளுக்கு வராத கொப்புளம் வந்திருந்தது.

"பாத்தியா சபியா?" என்றார் மாமி. "நான் அண்டைக்கே சொன்னன்."

கொழும்புக்குத் திரும்பும் அன்று, பயணப் பையோடு நின்ற முனவ்வறாவுக்குச் சுஹறா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். எட்டு அடி தூரம். "பால் இழுக்கிறானா?" என்று கேட்டாள் முனவ்வறா. "ஓம் ராத்தா. நல்லா இழுக்கிறான்." அதையே தனக்குள் சொல்லிக்கொண்டே கொழும்பு பஸ்ஸில் ஏறினாள்.

ஆய்வுகூடத்தில் தினமும் தபால்காரனைப் பார்த்திருந்தாள். பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினைந்தாம் நாள் தந்தி என்று யாரோ கூப்பிட, கையிலிருந்த குழாய் நழுவி உடைந்தது. தந்தி பக்கத்து மேசைக்காரருக்கு. இருபத்துநாலாம் நாள் சுஹறாவின் கடிதம் வந்தது. உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

‘ராத்தா, புள்ள சுகம். காய்ச்சல் ஒண்டும் இல்ல. ஆறு இறாத்தல் ஆயிட்டான். பேரீச்சம்பழம் மென்டது நான்தானே, அதால உங்கட படிப்பு ஒட்டல்ல, என்ட கத்துற குணம்தான் ஒட்டியிரிக்கி எண்டு மாமி சொல்றா. கை கழுவாம ஒருத்தரையும் புள்ளயத் தொட உடுறாவில்ல. உங்களப் பத்தி ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. ஆனா நேத்து என்னட்டக் கேட்டா, "அவளுக்கு அந்தப் புண் காஞ்சிட்டாமா?" எண்டு. காஞ்சிட்டா வாங்க ராத்தா. நீங்க இன்னும் இவனத் தூக்கல்ல.’

முனவ்வறா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்து எத்தனையோ நாளாயிற்று. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, லீவுக் கடதாசி எழுத உட்கார்ந்தாள்.