தாடைத் தழும்பு

"ஒரிஜினலைக் குடுங்கண்ணே. திருத்தாததை."

போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லி வைத்த விதி ஒன்று உண்டு: திருத்தாத படத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதே. தன் நிஜ முகத்தைப் பார்த்தவன் மறுபடி இந்தப் படி ஏறமாட்டான் என்பார் முதலாளி.

லென்ஸைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். "பட்டதாரியம்மாவுக்குக் காலையிலேயே மூக்குமேல கோபம். யாரோட படம்?"

"எங்கம்மாவோடது."

அம்மா துணி தேய்க்கும் கடையில் இருபது வருடம் நின்றவள். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், கட்டணத்துக்காக இரண்டு வேளையும் நின்ற களைப்பில் இஸ்திரிப் பெட்டி தாடையில் பட்டுவிட்டது. "உன் பட்டத்துக்கு முத்திரை என் மூஞ்சியிலதான் குத்தினாங்க" என்று தழும்பைத் தடவிச் சிரிப்பாள். செல்போனை நீட்டினாலோ, கையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

மூன்று மாதத்துக்கு முன் மருத்துவமனை அட்டைக்காக இங்கே படம் எடுத்துக்கொண்டாள். திருத்தியவள் மகள். நாளைக்கு நாற்பது முகம் திருத்திப் பழகிய கை. அம்மா என்று பார்க்கவில்லை. கருவளையம் போனது, சுருக்கம் போனது, தழும்பும் போனது. "யாருடி இந்தச் சீமாட்டி? உங்கப்பா கண்ணுல காட்டிடாதே" என்றாள் அம்மா.

அம்மா போய் மூன்று வாரம். இருப்பது அந்த ஒரே படம். சட்டம் போட்டுக் கொடுத்ததை அப்பா வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவகூட நான் குடும்பம் நடத்தலையேம்மா."

முதலாளியின் கை நின்றது. "கேமரா கார்டை வாராவாரம் அழிச்சிடறோமே. உனக்குத் தெரியாததா?"

தெரியும். சனிக்கிழமைதோறும் அழிப்பவளே அவள்தான்.

"நீங்க எங்கயாவது ஒரு காப்பி வெச்சிருப்பீங்களோன்னு..."

"இல்லம்மா." அவர் குரல் இறங்கியது. மேசைமேல் இருந்த புதுக் கேமராவை அவள் பக்கம் நகர்த்தினார். "இனிமே நீயே படம் எடு. இதுல திருத்தற வேலையே கிடையாது. எடுக்கும்போதே முகத்தை வழுவழுன்னு ஆக்கிடும்."

"அலமாரியில கிடக்கே, அந்தப் பழசு?"

"அதா? உள்ளதை உள்ளபடி காட்டித் தொலைக்கும். அதான் ஓரங்கட்டினேன்."

"அதைக் குடுங்க. இந்த வேலை இனி வேணாம்ணே."

"கோபத்துல முடிவு எடுக்காதே."

"கோபத்துல எடுக்கல. கிளம்பும்போதே அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். சவரம் பண்ணாதீங்க, ஜன்னல் ஓரமா உட்காருங்கன்னு."

அவருக்குப் புரிந்தது. ஸ்டுடியோ விளக்குகளை நேராக முகத்தில் அடிப்பதே சுருக்கத்தை மறைக்கத்தான். பக்கத்திலிருந்து விழும் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோட்டைக்கூட விடாமல் காட்டிவிடும். அலமாரியைத் திறந்து பழைய கேமராவை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பேட்டரியைப் பார்த்தாள். கார்டு காலியாக இருந்தது. கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, வெயில் ஜன்னலை விட்டு நகர்வதற்குள் போய்ச்சேர வேண்டுமென்று வேகமாகப் படியிறங்கினாள்.