ஈசானி மூலைக்கு ஒரு லெஃப்ட் பேக்

எங்கள் மைதானத்தின் ஈசானி மூலையைக் கடல் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதைத் திருப்பிக் கேட்டு வாங்கி வர என்னை அனுப்பினார்கள். நூவாலே தீவில் பேரம் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். பத்தொன்பது வயதில் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகக் கிளம்பினேன். பசிபிக்கில் ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று கேப்டன் சொன்னார். கூடவில்லை என்று நான் சொன்னேன். பேச்சு முற்றி, அந்த நேரத்தில் எதிரே தெரிந்த தீவில் இறங்கிவிட்டேன். அதுதான் நூவாலே. முதல் வருஷம் என்னை ஏமாற்றாத ஆள் கிடையாது. ஏமாற்றியவர்களிடமே தொழிலைப் படித்துக்கொண்டு ஒரு கடை போட்டேன். என்னோடு பேரம் பேசிப் பேசியே தீவு முழுக்கத் தமிழ் கற்றுக்கொண்டது. இங்கே பாதிரியார்கூட ஜெபத்தை, “கடைசியா என்ன சொல்லுதிய ஆண்டவரே” என்றுதான் முடிப்பார்.

வருஷா வருஷம் பதினோரு தீவுகளின் கிளப்புகள் ஒரு கால்பந்துக் கோப்பைக்கு ஆடும். இந்தத் தடவை அரையிறுதி எங்கள் மைதானத்தில், சனிக்கிழமை. எதிர் அணி ஓனேரா தீவு. எங்கள் கிளப்புக்கு மேனேஜரும் நான்தான். போட்டியை நடத்தும் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. நாலு மூலை இல்லாதது மைதானம் ஆகாது. மைதானம் இல்லாத தீவைச் சங்கம் தன் வரைபடத்திலிருந்து அழித்துவிடும். எங்கள் பக்கம் வரும் ஒரே கப்பல் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அரிசி, மண்ணெண்ணெய், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அதில்தான் வர வேண்டும். ஆக, சனிக்கிழமைக்குள் மூலை வரவில்லை என்றால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தேங்காயைத் தின்றுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை கடற்கரைக்குப் போனேன். கடலோடு பேசும்போது அவசரப்படக் கூடாது. பாதி வாக்கியத்தில் பின்வாங்கிப் போய்த் திரும்ப வந்துதான் மீதியைச் சொல்லும்.

“என்ன அண்ணாச்சி, காலங்காத்தால?”

“மூலையைத் திருப்பிக் குடு. சனிக்கிழமை மேட்ச் இருக்கு.”

“அங்கன இப்ப நண்டு குடியிருக்கு.”

“நண்டை நான் பாத்துக்கிடுதேன். ஒரு மேட்ச் நேரம் குடு, போதும்.”

“எனக்கு என்ன தருவிய?”

கரையைப் பெருக்கி வைக்கிறேன் என்றேன். இனிமேல் மட்டையும் சிரட்டையும் உன் மேல் கொட்ட மாட்டோம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் பின்வாங்கிப் போய் யோசித்துவிட்டு வந்து வேண்டாம் என்றது. கடைசியில் தானே சொன்னது.

“லெஃப்ட் பேக்.”

“கோலுக்கு இடப்பக்கம் காக்குத அந்த இடத்துல மாலாக்கி ஆடுதான்.”

“நாப்பது வருஷமா இந்த மைதானத்து ஓரமாவே நிக்கேன். வெளிய போன பந்தையெல்லாம் எடுத்துக் குடுத்தது யாரு? ஒரு நாளாவது ஒருத்தன் உள்ள வான்னு கூப்பிட்டானா? கூப்பிடலன்னுதான் மூலை வரைக்கும் நானே வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பந்து பொறுக்கிப் போடுதவனுக்கெல்லாம் டீமுல இடம் குடுத்தா வெளங்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கோபம் பாதி, தொழில் பாதி. பேரத்தில் முதுகைக் காட்டினால் நூறு அடி போவதற்குள் எதிராளி கூப்பிட்டுவிடுவான். கடல் கூப்பிடவில்லை. பின்னாலேயே வந்தது. பள்ளிக்கூடம் தாண்டி, கோயில் தாண்டி, என் கணுக்கால் நனைய நனையக் கடைக்குள் வந்து சர்க்கரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று மூட்டை கரைந்தது.

“சரி வே, நீயே ஆடு” என்றேன். லெஃப்ட் பேக்கின் மூன்றாம் நம்பர் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மாலாக்கி எங்கள் தீவில் ரொட்டி சுடுகிறவன். பதினாறு வருஷமாக அவன்தான் லெஃப்ட் பேக். சொன்னபோது மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“அது நல்லா ஆடுமா அண்ணாச்சி?”

“ஏறிப் போனா தானா எறங்கி வரும்ல.”

“நான் எறங்கி வாறதில்லன்னு சொல்லுதிய.”

“போன வருஷம் ஃபைனல்ல நீ எங்கல போன?”

அவன் மாவை உருட்டி அடுப்பில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பி வரும் மூலையில் கொடியை நடுகிற வேலை தனக்குத்தான் வேண்டும் என்று கேட்டான். கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து உலூவாகி அம்மாள் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். பல வருஷமாக நான் சங்கத்துக்கு எழுதிய புகார்க் கடிதங்களைப் படித்தே தமிழ் கற்றவர். அதனால் எதையும் ‘மேற்படி’ போட்டுத்தான் சொல்வார். புது ஆட்டக்காரரைப் பதிகிற படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.

“மேற்படி கடலின் வயது?”

“முப்பதுக்கு மேல.”

“விலாசம்?”

“தீவைச் சுத்தி.”

புகைப்படத்தில் கடல் முழுக்க விழவில்லை. முகம் தெரிந்தால் போதும் என்று படிவத்தில் ஒட்டிக்கொண்டார். அந்த நேரம் ஓனேரா மேனேஜர் தௌரோ வந்துசேர்ந்தார். என் கடையில் பத்து வருஷம் துணி எடுத்தவர். ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் பேசுவார்.

“அண்ணாச்சி, இது நியாயமா? எங்க தீவையும் இதே கடல்தான சுத்தி நிக்கி? ஒரு ஆளு ரெண்டு கிளப்புக்கு எப்படி ஆடும்?”

“உம்ம டீமுல சேருதியான்னு அதை என்னைக்காவது கேட்டீரா?”

அவர் யோசித்தார். “கேக்கல.”

“அப்ப பேசாம இரும்.”

‘மேற்படி கடல், மேற்படி ஓனேரா கிளப்பால் ஒருபோதும் அழைக்கப்படவில்லை’ என்று அம்மாள் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது மூலை வந்திருந்தது. புல்லில் கொஞ்சம் சிப்பி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மாலாக்கி கொடியை நட்டான். நண்டுக்குப் பார்வையாளர் வரிசையில் இடம் போட்டோம். அம்மாள் நாடாவைப் பிடித்து அளந்து, “நூறு மீட்டர். மேற்படி மூலை ஈரமாக உள்ளது. ஆடலாம்” என்றார்.

கடல் நன்றாகவே ஆடியது. சட்டை மேலே மிதந்துகொண்டிருந்ததால் ரெஃபரி பிலிமோனுக்கு ஆளை அடையாளம் காண்பதில் சிரமம் இல்லை. ஓனேராவின் வலது பக்க ஆட்டக்காரன் வேகமாக உள்ளே ஓடுவான். முழங்கால் வரை நனைந்து, பந்து இல்லாமல், மெதுவாக வெளியே வருவான். பந்தைக் கடல் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே எங்கள் ஆட்கள் காலில் தள்ளிவிடும். நாற்பது வருஷப் பழக்கம். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. கடல் தீவைச் சுற்றிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போனது. அது என் கடை இருக்கும் பக்கம். முன்யோசனையாக மூட்டைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றிவைத்திருந்தேன். எண்பதாவது நிமிஷத்தில் கடல் பின்வாங்கத் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஓனேராக்காரன் புகுந்து சமன் செய்துவிட்டான். கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன்.

“ஏல, எங்க போற?”

“எறங்குத நேரம் வந்துட்டு அண்ணாச்சி. நான் என்ன செய்ய?” என்றது.

ஒன்றுக்கு ஒன்று. நேராகப் பெனால்ட்டி. கிளப்புக்கு ஐந்து உதை. நான் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது தௌரோ பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்க மூணாம் நம்பரு பந்து பொறுக்கிப் போடத்தான் லாயக்கு. ஓங்கி ஒரு உதை உதைக்கத் தெரியுமா அதுக்கு?”

மூன்று நாளைக்கு முன்னால் நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் என் ஆளை இன்னொருவன் சொன்னால் என்னால் தாங்க முடியாது. ஐந்தாவது இடத்தில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுக் கடல் என்று எழுதிக் கொடுத்தேன்.

கிராமத்தை ஒட்டிய தெற்குக் கோலில் உதைத்தார்கள். நாலுக்கு நாலு என்று வந்தது. ஓனேராவின் ஐந்தாவது பந்து கம்பத்துக்கு மேலே போய்க் கோயில் கூரையில் விழுந்தது. இனி கடல் ஒரு கோல் போட்டால் வெற்றி எங்களுக்கு. ரெஃபரி பந்தைப் புள்ளியில் வைத்தார்.

பெனால்ட்டி உதைப்பவன் ஓடி வருவதற்காகப் பின்னால் போவான். மாலாக்கி என்றால் ஆறடி போவான். கடல் தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி போனது. வடக்குக் கோலைத் தாண்டி, மணலைத் தாண்டி, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பவளப்பாறைக்கு அப்பால் போய் நின்றது. நடுவில் இருந்த தரையெல்லாம் வெயிலில் கிடந்தது. பழைய படகுத்துறை தெரிந்தது. கடை போட்ட வருஷம் தண்ணீரில் விழுந்த என் தராசு தெரிந்தது. திருப்பித் தராமல் தனக்கென்று அது வைத்திருந்த பந்துகள் ஒரே இடத்தில் அடுக்கி இருந்தன. பதினேழு. அதற்கெல்லாம் அப்பால் நீலமாக, உயரமாக, கடல் நின்றது. உச்சியில் சட்டை ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது.

மாலாக்கி கொடியை விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, கோல் கீப்பருக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்தியளா?”

பார்த்தேன். பள்ளிக்கூடம், கோயில், ரொட்டி அடுப்பு, என் கடை. அதற்கு முன்னால் தீவின் மொத்த ஜனமும் வரிசையாக நின்றது. அங்கிருந்துதான் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

“அது ஓங்கி உதைக்கிற ஆளு அண்ணாச்சி” என்றான்.

பிலிமோன் விசிலை வாயில் வைத்தார். உள்ளே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஊதாதீங்க.”

“ஊதுனாத்தான உதைக்க முடியும்?”

“அதுக்குத்தான் சொல்லுதேன்.”

உலூவாகி அம்மாள் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். “மேற்படி விதியில் விசிலுக்கு முன் உதைக்கக் கூடாது என்று உள்ளது. விசிலை எப்போது ஊத வேண்டும் என்று இல்லை” என்று வாசித்தார்.

பிலிமோன் விசிலை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தார். தனக்கு ஓர் அறை வேண்டும் என்றார். சன்னல் கோலைப் பார்த்து இருக்க வேண்டும். மூன்று வேளை சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மீன், மத்தியானம் யாரும் சத்தம் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். எதையும் குறைக்காமல் நான் ஒத்துக்கொண்ட பேரம் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

பிறகு காய்ந்த தரை வழியாக நடந்து கடலிடம் போனேன். அதன் முன்னால் நின்றால் கழுத்து வலித்தது.

“இன்னும் ஊதலியே அண்ணாச்சி?”

“ரெஃபரி ஒரு விஷயம் பாத்துக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் பொறு.”

“நான் நிக்கேன். எனக்கென்ன. டீமுல இருக்கேன்லா” என்றது.

“இருக்க” என்றேன்.

திரும்பும்போது முதுகைக் காட்டவில்லை. எட்டு கிலோமீட்டரும் பின்னால் பின்னால் நடந்தே வந்து சேர்ந்தேன்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. ஓனேரா கோல் கீப்பர் கோட்டிலேயே நிற்கிறார். சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தௌரோவும் அவர் ஆட்களும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். காய்ந்த தரையில் மரவள்ளி நட்டிருக்கிறோம். உப்பு மண்ணுக்குப் பரவாயில்லாமல் வருகிறது. மாலாக்கி தினமும் காலையில் ஒரு ரொட்டியைக் கட்டிக்கொண்டு போய், இன்னும் ஊதவில்லை என்று கடலிடம் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து திரும்புகிறான். சங்கத்தின் வரைபடத்தில் நூவாலேக்குப் பக்கத்தில் ‘மேற்படி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது’ என்று உலூவாகி அம்மாள் தன் கையால் எழுதி அனுப்பினார்.

நேற்றுக் கப்பல் வர வேண்டிய நாள். காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு மேல், மரவள்ளிச் செடிகளை மிதிக்காமல் ஓரமாக, கப்பல் வந்தது. கடல் நிற்கிற இடத்தில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வந்திருக்கிறது. அடிப்பாகம் முழுக்க மண். மூச்சு வாங்கியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்த மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, முதலில் உட்காரச் சொன்னேன்.